சராசரியைக் கெடுத்த தெரு

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போகவில்லை; கரும்பு வெட்டும் எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. சென்னையில் அளவுசார் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த நான், லீவுக்கு வந்து மாட்டிக்கொண்டேன். ஒரு வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதுதான் என் வகுப்பு ஆய்வு. பக்கத்து மலையூரான வெள்ளிமலையில் முன்பே கேட்டு எழுதிய வீடுகளோடு, எங்கள் தெரு வீடுகளையும் கேட்டு எழுதினேன்.

சென்னைக்குத் திரும்பிப் பட்டியலைக் காட்டியதும், பேராசிரியர் எங்கள் தெருவையே பேனாவால் அடித்துவிட்டார். "இது அசாதாரண வாரம்பா. சராசரியைக் கெடுக்கும்."

"சார், மொத வூடு எங்களுதுங்க. அம்மா பட்டினி கெடந்தாங்க."

"உன் வீடேவா? அப்போ அதை முதல்ல எடுத்துடு."

வாய் வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு எடுத்தேன். தெரு போனதும் கிராஃபில் கோடு நேராக வந்தது. வகுப்பிலேயே முதல் மார்க் எனக்குத்தான்.