பூசாரியம்மா பெட்டியில் யார் பெயர்?

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், மேடம். அந்த எகிப்துப் பெட்டியை வரைந்தது நீங்கள் இல்லை. நான்.

போன மாதம் என் மகளை நம் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வரலாற்றுத் துறை வராந்தாவில், கண்ணாடிக் கூண்டுக்குள் அது இன்னும் நிற்கிறது. "இது அம்மா வரைஞ்சது" என்று பெருமையாகச் சொன்னேன். அவள் குனிந்து பார்த்தாள். பெட்டியின் வயிற்றுக்குக் கீழே, நடுப்பட்டையில், உங்கள் பெயர். கீழே பலகையிலும் 'வரைந்து வடிவமைத்தவர்' என்று உங்கள் பெயர். "சும்மா பீலா உடாதம்மா" என்று சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "இதுவும் எகிப்துப் பெட்டி மாதிரியா?" என்கிறாள். ரசத்துக்கு உப்புப் போட்டுவிட்டேன் என்று சொன்னால்கூட நம்புவதில்லை, எழுந்து வந்து நக்கிப் பார்க்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் இரண்டாம் ஆண்டு வரலாறு. துடியலூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவேன். எங்கள் பேராசிரியை நீங்கள். துறைக் கண்காட்சிக்கு ஊரே வாய் பிளக்கும்படி ஒன்று வேண்டும் என்று சொன்னீர்கள். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் அந்தப் படத்தை நான்தான் கண்டுபிடித்தேன். பழைய எகிப்தில், கோயிலில் சாமி முன்னால் பாடும் பொறுப்பில் இருந்த ஒரு பெண்ணின் சவப்பெட்டி. ஆள் உருவத்திலேயே செய்த பெட்டி. உடம்பெல்லாம் மஞ்சள், அதன்மேல் இண்டு இடுக்கு விடாமல் படங்கள். பார்த்ததும் எனக்குக் கிறுகிறுப்பு வந்துவிட்டது. பூசாரியம்மா என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம்.

பலகை கொடுத்தவர் என் வகுப்புத் தோழியின் அப்பா. பல்லடத்தில் தறிக்குடோன் வைத்திருந்தார். பழைய குடோனைப் பிரித்தபோது கிடந்த பலகைகளை வண்டியில் ஏற்றி அனுப்பினார். தச்சர் வந்து அளவு கேட்டார். புத்தகத்தில் அளவு இல்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "நீதான் ஒல்லியா இருக்கே, படு."

படுத்தேன். அவர் என்னைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். இடுப்புப் பக்கம் வந்ததும் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன்.

"ஆடாமப் படுங்க அம்மணி. பொணம் சிரிக்குமுங்களா?"

அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன். கோடு கோணிப்போய், பூசாரியம்மாவுக்கு ஒரு பக்க இடுப்பு கொஞ்சம் பெருத்துவிட்டது. இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

வண்ணம் தீட்ட எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "விளக்கு வெக்கற நேரத்துல ஊட்டுக்குள்ள பொணப்பொட்டியா? ஒறம்பரை வந்தா என்னன்னு சொல்றது?" பின்பக்கம் கொட்டகையில் வைத்துப் பழைய புடவையால் மூடச் சொன்னார். ஆனால் முகம் வர ஆரம்பித்ததும் புடவையை விலக்கிவிட்டுக் காபியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். "கம்மல் நல்லாப் பெருசா இருக்குது. மூக்குத்தி இல்லாமத்தான் மூஞ்சி மொட்டையா இருக்குது. ஒண்ணே ஒண்ணு வெச்சுடு கண்ணு." எகிப்தில் கிடையாது என்று சொன்னால், "நாம வெச்சா வேண்டாம்பாளா?" என்பார்.

கருநீலத்தில் சடைசடையாகத் தலைமுடி. நெற்றியில் தாமரை. வயிற்றில் சிறகை விரித்த ஒரு பெண் தெய்வம். அந்தச் சிறகின் ஒவ்வோர் இறகையும் தனித்தனியாகப் போட்டேன். மார்பில் குறுக்காக வைத்த இரண்டு கைகள். ஆம்பிளை என்றால் மூடிய கை, பொம்பிளை என்றால் விரித்த கை என்று புத்தகத்தில் இருந்தது. தெய்வத்துக்குக் கீழே, நடுவில், கால்வரைக்கும் ஒரு பட்டை. அதில் எகிப்து எழுத்தில் சாமிக்கு வேண்டுதல், அதன் முடிவில் பெட்டிக்கு உரியவரின் பெயர். அந்தக் காலத்தில் பெட்டியை முன்கூட்டியே வரைந்து, பெயர் இடத்தை மட்டும் காலியாக விட்டு வைப்பார்களாம். பிற்பாடு வேறு குடும்பம் வந்து பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தங்கள் வீட்டுப் பெயரை எழுதிக்கொள்வதும் உண்டாம். நானும் பெயர் இடத்தைக் காலியாக விட்டேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு நாள் வந்தீர்கள். அம்மா சுட்ட பணியாரம் சாப்பிட்டீர்கள். தூரிகையை நீட்டினேன். புதுப் புடவை என்று சொல்லிவிட்டீர்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் பல்லடத்துக்காரர் கல்லூரிக்கு வந்தார். எதைக் கொடுத்தாலும் அதில் உபயம் என்று தன் பெயரை எழுதியாக வேண்டும் அவருக்கு. கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப்லைட்டில் பெயர் போக மிச்சம்தான் வெளிச்சம். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்க மேடம், நம்ம பேரைக் காணோமுங்களே?"

"எழுதிடலாங்க."

"நல்லா நடுவால, சனம் பாக்கறாப்ல எழுதச் சொல்லுங்க."

அது செத்தவர் பெயர் வரும் இடம் என்று உங்களைத் தனியே இழுத்துச் சொன்னேன். "கோயமுத்தூர்ல எவனுக்குடி எகிப்து தெரியும்? எழுது" என்றீர்கள். சிவப்பு எனாமலில் எழுதினேன். உபயம் சின்னதாக, பெயர் பெரிதாக, கீழே பல்லடம்.

மறுநாள் அவர் மனைவியையும் ஒரு வேன் நிறைய உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்கு விளக்கம் சொல்ல நீங்கள் நிறுத்தியிருந்தது அவருடைய மகளை. அவள் மனப்பாடம் செய்ததை, எதிரே நிற்பது யார் என்றுகூடப் பார்க்காமல் ஒப்பித்தாள்.

"இது கோயில்ல பாடுனவங்களோட சவப்பெட்டிங்க. நடுவுல எழுதீருக்கறது பெட்டிக்குச் சொந்தக்காரங்க பேருங்க. அவங்க பொணந்தான் உள்ள இருக்குமுங்க."

விரல் சரியாக அப்பா பெயரில் இருந்தது. அவள் அம்மா படித்தார்.

"அடிப்பாவி! அப்பனை உசுரோட பொட்டில போட்டுட்டு, பாடமா ஒப்பிக்கற?"

வேனில் வந்த மைத்துனர் விடவில்லை. "மச்சான், கம்மல் உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்குது. பாட்டெல்லாம் எப்பங்க கத்துக்கிட்டீங்க?"

"அழிங்க! மொதல்ல அழிங்க!" என்று அவர் கத்தினார். நான் டர்பென்டைனும் துணியுமாக ஓடினேன். பாதி அழிந்ததும் என் கையைத் தடுத்தார். "சித்தெ இருங்க அம்மணி. முழுசா அழிச்சுப்போட்டாப் பலகை குடுத்தது ஆருன்னு சனத்துக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப உள்ள போயிப் படுத்துக்கங்க, நல்லாத் தெரியும்" என்றார் மனைவி.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் சிரிப்புத் தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவர் பெயரைப் பெட்டியின் முதுகில் எழுதிக் கொடுத்தேன். நடுப்பட்டை மறுபடி காலி.

நான் படிப்பை முடித்துப் போன பிறகு, அந்தக் காலி இடத்தில் நீங்கள் ஏறிக்கொண்டீர்கள். பல்லடத்துக்காரர் தெரியாமல் ஏறினார், தெரிந்ததும் அலறிக்கொண்டு இறங்கினார். நீங்கள் வரலாறு படித்தவர். தெரிந்தே ஏறினீர்கள்.

நடுப்பட்டை எனக்கு வேண்டாம். அங்கே பெயர் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர் அங்கேயே இருக்கட்டும். நூறு வயது நன்றாக இருங்கள். எனக்கு வேண்டியது கீழே இருக்கும் பலகை. 'வரைந்தவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உண்மை இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டில் நான் பொய்க்காரியாக இருக்க முடியாது.

அடுத்த மாதம் பழைய மாணவிகள் கூட்டத்தில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். முன்வரிசையில் என் மகளோடு உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தனியாகப் போன் பண்ணிச் சமாதானம் சொல்ல வேண்டாம், நான் எடுக்க மாட்டேன். மேடையில், மைக்கில், எல்லார் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள், மேடம். அந்தப் பெட்டியை வரைந்தது யார்?