பதிவேட்டில் குமுதா

அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணிக்குப் புதிதில் ஒரு மொடமொடப்பும் மூக்கைப் பிடிக்கும் ஒரு நெடியும் உண்டு; என் தங்கை குமுதாவின் சீருடையில் அந்த நெடி வருடம் முழுக்கப் போகவே போகாது, ஏனென்றால் அதை அவள் வருடத்தில் இரண்டு நாள்தான் போட்டாள்.

பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அம்மா ஒரு கம்பெனி "கேன்டீனில்" பாத்திரம் கழுவப் போய்விடுவாள். "நைட் ஷிஃப்டு" முடிந்து வந்து தூங்கும் அப்பாவின் காலடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள் குமுதா. அவளுக்குப் பேச்சு வராது, எதுவும் மெதுவாகத்தான் புரியும். எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்க்காமல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. எங்கள் பள்ளியிலும் சட்டப்படியே பெயரை எழுதிக்கொண்டு, புத்தகமும் சீருடையும் கையில் கொடுத்து, "ஸ்பெஷல் டீச்சர் போட்டதும் சொல்லி அனுப்பறோம், அதுவரிக்கும் வூட்லயே வெச்சிக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த டீச்சரை அரசாங்கம் கடைசிவரை போடவில்லை. ஆனால் பதிவேட்டில் குமுதா தினமும் பள்ளிக்கு வந்தாள்.

அதிகாரி பார்வையிட வரும் நாளில் அவளைக் கூட்டிவர, ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னைத்தான் விரட்டுவார்கள். வீட்டில் நாங்கள் ஆடிய ஒரே விளையாட்டு "அட்டெண்டன்ஸ்". பெயரைச் சொன்னால் கையைத் தூக்க வேண்டும். அப்படி ஒரு நாள் அதிகாரி பெயர் வாசித்தபோது முதல் பெஞ்சிலிருந்து குமுதா எவ்வளவு உயரத்துக்குக் கையைத் தூக்கினாள் தெரியுமா! அவர் "வெரி குட்" சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளப்பிய புழுதி அடங்குமுன் தலைமையாசிரியர் என்னிடம், "தங்கச்சிய வூட்ல வுட்டுட்டு வந்துரு" என்றார். அவள் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது நான்தான். ஒரு பிள்ளையைப் பள்ளியை விட்டுத் துரத்தப் பத்து வயதுப் பிள்ளையின் கைதானா கிடைத்தது இவர்களுக்கு?

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனாள்.

"அதான் பேரு கீதேம்மா, இன்னும் இன்னா வேணும்?" என்றார் தலைமையாசிரியர்.

"பேரு குந்திகினு கீற எடத்துல எம் பொண்ணு குந்தணும் சார்."

"மேல எழுதியிருக்கோம்."

அந்த "மேல" எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு அம்மா ஸ்ரீபெரும்புதூர் அலுவலகம் வரை போனாள். அங்கே ஒருவர் பதிவேட்டு நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு டெய்லி ஸ்கூலுக்கு வருதே, அப்புறம் இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?" என்று கேட்டார். அதோடு அம்மா அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

பள்ளியின் ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. புது மாடிக் கட்டடத்தின் வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம்கூடப் போட்டிருக்கிறார்கள். குமுதா வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் ஏதோ ஒரு மனுவோடு இணைக்க அவளுடைய பள்ளிச் சான்றிதழை வாங்கி வந்தேன். ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி, வருகை ஒழுங்கானது, நடத்தை நன்று. ஆத்திரம் தாங்காமல் அம்மாவுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். முதல் வரியில் பெயர் வந்ததுமே, மூலையில் உட்கார்ந்திருந்த குமுதா கையைத் தூக்கினாள்.