தளர்ந்த ஸ்க்ரூவும் மாரியாத்தாளும்

என் கழுத்துக்குள் இருக்கிற ஸ்க்ரூ ஒன்று லேசாக வெளியே வந்திருக்கிறது என்று டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். அன்று எனக்கு யாருமே இல்லை என்று தோன்றியது. மாரியாத்தாளை நம்புகிற உங்களிடம் அதைத்தான் சொல்ல வந்தேன்.

போன தீபாவளி சீசனில் சிவகாசியில் பட்டாசு லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து தலைகுப்புற விழுந்தேன். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை பார்த்த வேலை அது. மதுரையில் ஆபரேஷன். கழுத்தெலும்புகளுக்கு நடுவே நசுங்கிய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அங்கே சின்னக் கூண்டு ஒன்றை வைத்து, முன்னால் டைட்டானியம் பிளேட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். எவ்வளவு பாரம் தாங்கும், எந்தப் பக்கம் வளைந்தால் தளரும் என்று டாக்டரைத் துளைத்தெடுத்தேன்.

"பிளேட்டெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் தம்பி. அதுக்குள்ள எலும்போட எலும்பு ஒட்டணும். ஒட்டலைன்னா எந்த ஸ்க்ரூவும் நிக்காது" என்றார்.

சிவகாசிப் பக்கம் நாரணாபுரம் வீட்டில் அம்மாவும் நானும்தான். அவள் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டால் தெருவே காலி. கழுத்தில் காலர், திரும்ப முடியாது. வாசலில் போகிறவர்களைச் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். சேக்காளிகள் வருவது நின்றுபோனது. வந்த ஒன்றிரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நின்று பேசினார்கள். முகம் தெரியாது. விட்டத்தைப் பார்த்தே பதில் சொன்னேன்.

அப்போதுதான் அந்த எக்ஸ்ரே. அடுத்த படத்தில் ஸ்க்ரூ இன்னும் நகர்ந்திருந்தால் திரும்பவும் கழுத்தைத் திறக்க வேண்டும், அதுவரை அசையாதே என்றார் டாக்டர். போனில் கண்டதையும் படித்துப் பயம்தான் வளர்ந்தது. இதில் அம்மா வேறு, மாரியம்மன் கோயிலைச் சுற்றி உருண்டு கொடுப்பதாக என் பேரில் நேர்ந்துவிட்டு வந்தாள்.

"உருண்டா மிச்ச ஸ்க்ரூவும் கழண்டுரும்மா" என்று கத்தினேன்.

"நேந்தது உன் பேருக்குலே. உருளப்போறது நானு. உன் கழுத்து எம்புட்டு தாங்கும்னு ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்?"

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின் வாய்விட்டு அழுதேன். ஸ்க்ரூவை இறுக்கு என்று கேட்கவில்லை. "ஆத்தா, நான் பாக்குற மாதிரி முன்னால வந்து நில்லு" என்று மட்டும் கேட்டேன். தலை குனிய முடியாமல், விட்டத்தைப் பார்த்தபடியே கும்பிட்டேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி மனசு அடங்கியது. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாத நான் அன்றிலிருந்து அசையாமல் கிடந்தேன்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன் அடுத்த எக்ஸ்ரே. ஸ்க்ரூ அங்கேயே நின்றது. கூண்டின் நடுவே மேல் எலும்பும் கீழ் எலும்பும் வெள்ளையாக ஒன்று சேர்ந்திருந்தன. "ஒட்டிருச்சு தம்பி" என்றார் டாக்டர்.

பொங்கலன்று அம்மா ஈரச் சேலையோடு உருண்டாள். காலர் இல்லாமல் அவள் பக்கத்திலேயே நடந்தேன்.

இப்போது விருதுநகரில் வேலை. லீவு நாளில், படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போகிறேன். கழுத்தைத் திருப்பாமலே என் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். தனியாகக் கிடக்கிறவர்களே, நீங்களும் ஒருமுறை ஆத்தாளைக் கூப்பிட்டுப் பாருங்கள். அவள் பக்கவாட்டில் நிற்க மாட்டாள்.