டைம் கீப்பர் வீட்டு ரெக்கார்டர்

பேருந்து நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ கொண்டுவருகிறவருக்கும் அவர் டைம் கீப்பர். கண்ணாடி சன்னல் வைத்த சின்ன அறை, ஒரு சுவர்க் கடிகாரம், நீளமான பதிவேடு, இரண்டு பேனா, இவ்வளவுதான் அவருடைய ராஜ்ஜியம். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது என்று எழுத வேண்டும். முப்பது வருடமாக எழுதுகிறார். ஒருநாள் ஒரு பயணி சன்னலுக்குள் தலையை நீட்டி, அந்த வண்டியில் கூட்டமா என்று கேட்டதற்கு இவர் சொன்ன பதில் நிலையத்தில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "வண்டி கிளம்பிச்சா, வந்து சேந்துச்சா, அதுதான் என் வேலை. உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு பாக்குறது கண்டக்டர் வேலை."

வீட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை வாயால் சொல்ல முடியாது. இடது மணிக்கட்டில் வலது கையின் இரண்டு விரலால் இரண்டு தட்டு. மனைவியின் தம்பி வைத்த பெயர் அது. மைத்துனருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுகிறவர். நகக்கண்ணில் எப்போதும் பழுப்பு நிறம் ஒட்டியிருக்கும். சைகை மொழிக்காரர்கள் பழகும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். பேச்சுக்குப் பேச்சு கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அத்தானுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வைப்பது? அக்காவுக்கு வைத்தது புருவ ஓரத்தைத் தொடுவது. சிறுவயதில் தம்பி தள்ளிவிட்டு விழுந்த தழும்பு அங்கே இருக்கிறது. "தள்ளுனதுக்கு மன்னிப்பு கேக்கல, அதையே பேரா வெச்சுட்டான்" என்பாள் அக்கா.

தம்பியோடு பேசிப் பேசியே கைமொழியில் தேறியவள் அவள். நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. மதியம் இரண்டு பத்துக்குச் செய்தி. செய்தி வாசிப்பவர் நடுவில் இருப்பார். திரையின் கீழ் மூலையில், தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் இவள் நின்று அதைக் கையால் சொல்வாள். வாரத்தில் ஆறு நாள், பத்துப் பத்து நிமிடம்.

அந்த நேரத்தில் தம்பி கடையில் அலமாரி தேய்த்துக்கொண்டிருப்பார். ஊரில் உள்ள காது கேளாதவர்களெல்லாம் பார்க்கிற அக்காவை அவரால் மட்டும் பார்க்க முடியாது. இந்த நியாயக்கேட்டைச் சரிசெய்யத்தான் டைம் கீப்பர் அந்தப் பெட்டியை வாங்கினார். டிவிடி ரெக்கார்டர், உள்ளேயே ஹார்டு டிஸ்க் உண்டு. நேரம் குறித்து வைத்தால் தானாகப் பதியும். பெட்டி தன்னை மாதிரியே ஆள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

ஒரே மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. பெட்டியின் கடிகாரம் மாதத்துக்கு ஒன்றரை நிமிடம் பின்வாங்கியது. கரண்ட் போய் வந்தாலோ பன்னிரண்டு மணி காட்டிக் கண்ணடிக்கும், குறித்து வைத்ததை எல்லாம் மறந்திருக்கும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் தன் கைக்கடிகாரத்தை வைத்து அதைத் திருத்துவார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு நிமிடம் முன்னால் தொடங்கி மூன்று நிமிடம் பின்னால் முடியும்படி குறிப்பார். டிவிடி போடும் வாய் மூன்றாம் மாதமே தகராறு செய்ய ஆரம்பித்தது. எந்தத் தட்டைப் போட்டாலும் கொஞ்ச நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளியது. அதற்குமுன் பதிந்துவைத்த நான்கைந்து தட்டும் வேறு எந்த வீட்டுப் பெட்டியிலும் ஓடவில்லை. பதிந்து முடித்ததும் தட்டை 'மூடும்' வேலை ஒன்று உண்டாம், அப்போதுதான் மற்ற பெட்டிகளில் ஓடுமாம், அதை இவர் செய்யவில்லையாம். இப்போது மூடுவதற்கும் வழியில்லை. ஆக, இருப்பதெல்லாம் ஹார்டு டிஸ்க்கில்தான்.

பதினோராவது வாரம் அதுவும் நிரம்பிவிட்டது. அழித்தால்தான் இடம் என்றது திரை. அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. கையேட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்ததில் ஒரு வழி கிடைத்தது. உயர்ந்த தரத்தில் பதினேழு மணி நேரம் பிடிக்கிற டிஸ்க், கடைசித் தரத்தில் நூற்று நாற்பது மணி பிடிக்குமாம். பழைய பதிவுகளையும் அந்தத் தரத்துக்குச் சுருக்கலாமாம். ஒரு ஞாயிறு முழுவதும் பெட்டியை ஓடவிட்டுச் சுருக்கினார். முதல் நாள் பதிவை மட்டும் பூட்டு அடையாளம் போட்டு வைத்திருந்ததால் அதைப் பெட்டி தொடவில்லை. அன்று மாலை மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்: "ஒண்ணுகூட அழியல. இனிமேயும் அழியாது."

ஒவ்வொரு நாளும் மாலை ஏழு மணிக்கு மைத்துனர் வருவார், நாற்காலியை இழுத்துப் போட்டு டிவிக்கு முன்னால் உட்காருவார். டைம் கீப்பர் பதிவை ஓடவிடுவார். தொடக்க இசை சரியாக வருகிறதா, பார்ப்பார். கடைசியில் வாசிப்பவர் காகிதங்களை அடுக்குகிறாரா, வந்து எட்டிப் பார்ப்பார். இரண்டும் இருந்தால் திருப்தி. நடுவில் உள்ள நேரத்தில் துணி மடிப்பார், சட்டைக்கு இஸ்திரி போடுவார். அவள் அடுக்களையை விட்டு வரவே மாட்டாள். தன்னையே பார்க்கக் கூச்சம் அவளுக்கு.

இருபத்தொரு மாதத்தில் நிலையத்தார் அந்தச் செய்தியை நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் மாலை மட்டும் அவள் அடுக்களையை விட்டு வந்து, ஈரக்கையோடு கதவருகே நின்றாள். டைம் கீப்பர் வழக்கம்போல் முடிவை எட்டிப் பார்த்தார். "முழுசா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியிடம் திரும்பினார். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செய்தி நின்றாலும் மைத்துனர் ஏழு மணிக்கு வருவது நிற்கவில்லை. பழைய செய்தியையே பார்ப்பார். போன வருட மழைக்கு இன்று குடை எடுத்துப் போகச் சொல்லி அக்காவிடம் கிண்டல் செய்வார்.

ஆறு மாதம் போயிற்று. சைகை மொழி கற்றுத்தரும் பயிற்சிப் பள்ளி ஒன்று ஆசிரியர் தேவை என்று அறிவித்தது. விண்ணப்பத்தோடு, தான் செய்த மொழிபெயர்ப்பில் பத்து நிமிடம் பதிவாக அனுப்ப வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். வேலை போன நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தவள், அன்றுதான் தலையை அழுத்தி வாரி, பழைய புடவைகளை வெயிலில் போட்டாள். நிலையத்தில் கேட்டபோது எதையும் வைத்திருக்கவில்லை என்றார்கள். "அவங்க வெச்சிருக்காட்டி என்ன, நம்மகிட்ட அத்தனையும் இருக்கே" என்றார் டைம் கீப்பர். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க, முதல்முறையாக அவள் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

வாசிப்பவரின் முகம் துலக்கமாக இருந்தது. கழுத்துப்பட்டையின் கோடுகளை எண்ணலாம். மூலைக் கட்டத்தில் அவளும் அசையாமல் நிற்கும்வரை நன்றாகத்தான் இருந்தாள். கையைத் தூக்கியதும் விரல்கள் காணாமல் போயின. குளியலறைத் தரையில் பதித்த சில்லுகள் மாதிரி, பழுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கள் இடம் மாறின. இன்னொன்றைப் போட்டார்கள். அதுவும் அப்படியே. பத்து போட்டார்கள், இருபது போட்டார்கள். வேகமாக அசைவதையெல்லாம் அந்தக் கடைசித் தரம் மென்று துப்பியிருந்தது. அவளுடைய வேலையில் அசைவதைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் டைம் கீப்பர் விடுப்பு எடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரர் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். இது காலி டிஸ்க், துடைத்துவிடட்டுமா என்று கேட்டது கம்ப்யூட்டர். டைம் கீப்பருக்கு உயிரே போய்விட்டது. இந்தப் பெட்டி எழுதியதை இந்தப் பெட்டிதான் படிக்கும் என்று சொல்லி, கடைக்காரர் அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். கலங்கின படத்தைத் தெளியவைக்க முடியாதா என்று இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார் இவர்.

"சட்டியில இருந்தாத்தானே சார் அகப்பையில வரும்? நீங்க அந்தத் தரத்துல போட்டப்பவே அந்த விரலெல்லாம் போயாச்சு."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே மனைவியிடம் சொன்னார். மூடி மறைக்கத் தெரியாத மனிதர். இடம் மிச்சம் பிடிக்கப் போய்க் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றார். அவள் திட்டியிருந்தால் தேவலை. மடித்த துணியைத் திரும்ப மடித்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"இருபத்தொரு மாசத்துல ஒருநாள், ஒரே ஒருநாள் நீங்க முழுசா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் பெட்டியைத் திரும்ப டிவிக்கடியில் வைத்து வயரை மாட்டினார்.

ஏழு மணிக்கு வந்த மைத்துனர் இரண்டு முகத்தையும் பார்த்தார். அக்கா கையால் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள், அது தெரியுமே என்று தலையாட்டினார் அவர். முதல் வருடத்திலிருந்தே தெரியுமாம். டைம் கீப்பர் திகைத்துப்போய், அப்புறம் ஏன் தினமும் வந்து உட்கார்ந்தாய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தம்பியின் கைகள் பேச, அக்கா குரல் கொடுத்தாள்.

"'தோள் தெரியுது, முகம் தெரியுது, முழங்கை தெரியுது. எங்க அக்கா எனக்குச் சொல்றதுக்கு விரலும் வேணுமா?'" தம்பி மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டினார். "'அத்தான் ஒண்ணுகூட அழியலன்னு அவ்ளோ சந்தோஷமா இருந்தாரு. அதுல போய் மண்ணள்ளிப் போடுவேனா?'"

பிறகு அவர் ரிமோட்டை வாங்கி, பட்டியலை மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் வரியில் நிறுத்தினார். பூட்டு அடையாளம். முதல் நாள். ஓடவிட்டதும் கட்டத்துக்குள் அவள் பத்து விரலோடு தெளிவாக நின்றாள்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "ஐயோ, அது வேணாம். அன்னிக்குத்தான் பூரா தப்பு பண்ணேன்." உண்மைதான். பயத்தில் பாதி வாக்கியத்தை விழுங்கியிருந்தாள். ஓரிடத்தில் மேம்பாலத்துக்குச் சைகை மறந்து, சிறுவயதில் தானும் தம்பியும் படுக்கைக்கு மேல் போர்வையைக் கட்டி விளையாடியதற்கு வைத்திருந்த வீட்டுச் சைகையைப் போட்டுவிட்டாள். அந்த இடம் வந்ததும் தம்பி தொடையில் தட்டிச் சிரித்தார். இன்னொரு தப்பையும் காட்டினார். மூன்றாவதை அவளே காட்டி, இப்போதாக இருந்தால் எப்படிச் செய்வேன் என்று செய்து காட்டினாள்.

டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் எடுத்து வந்தார். "திரும்ப ஓட்டச் சொல்லு" என்றார் மனைவியிடம். "தப்பு வரும்போது கையைத் தூக்குங்க. நேரம் நான் எழுதறேன்."

இரண்டு மாலை அந்த வேலை நடந்தது. நிலையத்துப் பதிவேடு மாதிரியே கோடு போட்டு, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி, என்ன தவறு, சரி எது என்று முப்பத்தொரு வரி எழுதினார்கள். தம்பி தயவுதாட்சணியமே இல்லாமல் கையைத் தூக்கினார். வாத்தியார் வேலைக்குப் போகிறவளுக்கு இதைவிட நல்ல விண்ணப்பம் எது என்று டைம் கீப்பர் சொன்னதும் அவளும் ஒப்புக்கொண்டாள். வியாழக்கிழமை மூவரும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர்களை மாட்டி, பெட்டியிலிருந்து ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் படம் பிடித்தார்கள். பத்து நிமிடப் படத்துக்குப் பத்து நிமிடம் காத்திருக்கத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சங்கடப்பட்டார். டைம் கீப்பருக்கு இந்தப் பெட்டியிடம் பிடித்த ஒரே குணம் அதுதான்.

வேலை கிடைத்துவிட்டது. அனுப்பிய படத்தைவிட முப்பத்தொரு வரியைப் பற்றித்தான் அவர்கள் அதிகம் பேசினார்கள் என்று நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்தவள் சொன்னாள். அடுத்த இரண்டாம் மாதம் தன்னுடைய முதல் வகுப்புக்குக் கிளம்பிப் போனாள்.

அதே வாரம் பெட்டிக்குள் 'டொக் டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. டிஸ்க்குக்கு ஆயுசு முடிகிறது, புது டிஸ்க் போட்டால் பழையது எதுவும் வராது என்றார் கடைக்காரர். அன்று மாலை ஏழு மணிக்கு, அக்கா வகுப்பிலிருந்து இன்னும் திரும்பாதபோது, மைத்துனர் கடைசி நாள் செய்தியைப் போடச் சொன்னார். டைம் கீப்பர் தொடக்க இசையைக் கேட்டார், எழுந்தார். மைத்துனர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

உட்கார்ந்தார். சதுரங்கள் கலைந்து கூடுவதைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் தோள் ஏறுவதும், கேள்வி வரும்போது புருவம் உயர்வதும், துக்கச் செய்தியில் தலை சாய்வதும் தெரிந்தன. இவ்வளவு நாள் பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

வாசிப்பவர் வணங்கினார், காகிதங்களை அடுக்கினார். முடிந்தது என்று இவர் எழும்போது மைத்துனர் தோளை அழுத்தினார். செய்தியில் இன்னும் நான்கைந்து நொடி மிச்சம் இருந்தது. மூலைக் கட்டத்தில் ஒரு பழுப்புச் சதுரம் இன்னொன்றின் மேல் வந்து விழுந்தது. எழுந்து, மறுபடி விழுந்தது. இரண்டு தட்டு. பிறகு அது மோவாய்க்குப் போய் முன்னால் வந்தது.

விரல் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஆனால் தன் பெயரைப் படிக்க யாருக்கு விரல் வேண்டும்? அடுத்தது 'நன்றி' என்பதும் இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்ததுதான். மூன்று முறை திரும்ப ஓடவிட்டார். மைத்துனர் தன் நகக்கண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். டைம் கீப்பர் திரையின் மூலையைக் காட்டி, தன் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டிக் காட்டினார். அவள் தம்பியைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"எட்டு மாசம் லேட்டு" என்றாள். "டைம் கீப்பராம்."

"இன்னிக்குத்தான் உள்ள யாரு இருக்காங்கன்னு பாத்தேன்" என்றார் அவர். பட்டியலை மேலே தள்ளி இரண்டாம் நாள் செய்தியைப் போட்டார். தினம் ஒன்று பார்ப்பது, டிஸ்க் எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள். நாற்காலி போதாமல் மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பெட்டி 'டொக் டொக்' என்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.