வெள்ளைக் குதிகாலில் மூன்று கோடு

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. எழுந்தது 4.50. வாசல் தெளித்து எட்டுப் புள்ளிக் கோலம். இட்லி பன்னிரண்டு, தக்காளிச் சட்னி. மதியத்துக்குப் புளிச்சாதமும் அப்பளமும். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்பெனி பஸ் 6.20-க்கு வர வேண்டும், 6.27-க்கு வந்தது. சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதாக டிரைவர் சொன்னார். திங்கட்கிழமைகளில் அந்த லாரி தவறுவதே இல்லை.

பஸ்ஸில் இடது பக்கம் மூன்றாவது சீட் என்னுடையது. பக்கத்தில் உட்காருபவள் எங்கள் பிரிவில் மெஷின் ஓட்டும் பெண். கீழப்பழுவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து அரியலூரில் இதைப் பிடிப்பாள். முப்பது வயதுக்கு இரண்டு குறைவு. அன்று வழி முழுக்க இரண்டு கைகளையும் மடியில் வைத்து, இல்லாத ஒரு ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். பெரம்பலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் ஷூ ஃபேக்டரிக்கு வெள்ளை சோல் ஆர்டர் ஒன்று வரும்போல் இருந்தது. அதற்குப் பன்னிரண்டு ஜோடி சாம்பிள் அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வண்டியில் அது போயாக வேண்டும். மேனேஜர் அவளிடம் நேராகவே சொல்லியிருந்தார்: பன்னிரண்டும் சுத்தமாக அவர் மேசைக்கு வந்தால், இரண்டு வருஷமாக காண்ட்ராக்டில் இருக்கிறவளைக் கம்பெனி ஆளாக மாற்றும் தாளில் கையெழுத்துப் போடுவார். வராவிட்டால் அவள் பழையபடி பேக்கிங்குக்குப் போய் அட்டைப்பெட்டி மடிக்க வேண்டியதுதான்.

அவள் ஓட்டுவது சோலையும் குதிகாலையும் இழைக்கிற மெஷின். அச்சிலிருந்து வரும் சோலின் ஓரமெல்லாம் பிசிறாக இருக்கும். நீளமான ஓர் இரும்புத் தண்டில் நான்கு உருளைகள் வரிசையாக மாட்டியிருக்கும். முதலாவதில் முரட்டு உப்புத்தாள், இரண்டாவதில் நடுத்தரம், மூன்றாவதில் கன்னத்தில் வைத்தாலும் உறுத்தாத நைஸ் தாள், கடைசியில் பிரஷ். உருளை சுழலும்போது சோலை இரண்டு கையாலும் பிடித்து, ஓரத்தை அதில் ஒட்டி, ஒரே சுற்றாகத் திருப்ப வேண்டும். நடுவில் கை நின்றால் பள்ளம். பயந்து எடுத்தால் மேடு. அவள் கை நிற்காது. அவள் இழைத்த குதிகாலைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே தொடங்கினாள் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன்.

என் வேலை சரிபார்ப்பது. மேல்கோட்டுப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், மேசையில் தடிமன் அளக்கும் காலிப்பர், பக்கத்தில் குறைப் பதிவேடு. அதில் ஒரு குறையை எழுத நான் எனக்கே ஒரு விதி வைத்திருந்தேன். எந்தக் குறையும் மூன்று முறை கண்ணில் பட வேண்டும். ஒருமுறை தற்செயல், இருமுறை சந்தேகம், மூன்றாவதுதான் குறை.

சாம்பிளுக்கென்று வந்திருந்த வெள்ளை சோல் பதினான்கு ஜோடி. இரண்டு உபரி.

7.50-க்கு மெஷினைப் போட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் ஆயுத பூஜை முடித்து நிறுத்தியதோடு சரி, நாலாவது நாள் இப்போதுதான் ஓடுகிறது. மெஷின் கழுத்தில் வாடிய சாமந்தி மாலை. அதைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு முதல் ஜோடியை எடுத்தாள். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், நைஸ் தாள், பிரஷ். மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

வெள்ளைக் குதிகாலின் பின்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று ரோஜா நிறக் கோடுகள் இருந்தன.

"பசையா இருக்கும்க்கா" என்று தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தாள். கோடு போய்விட்டது. குதிகால் முழுவதும் ரோஜா நிறமாகிவிட்டது.

எங்கள் மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். மீன்சுருட்டி ஊர்க்காரர், ஐம்பது வயது, யார் கஷ்டத்திலும் முதல் ஆளாக வந்து நின்று சிரிப்பவர். "என்ன தங்கச்சி, சோலுக்கு மருதாணி வெச்சு வுட்டியா?"

"அண்ணே, சும்மா இருங்க."

இரண்டாவது ஜோடி. அதிலும் மூன்று கோடு, அதே இடைவெளியில். நான் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் எடுத்து மெதுவாக ஒற்றினேன். தின்னர் அளவுக்குப் பரவவில்லை. கோடு மட்டும் கொஞ்சம் தடித்து, மங்கலாக நின்றது.

ஒற்றிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

வியாழக்கிழமை எல்லோரும் பொரியும் கடலையும் வாங்க வரிசையில் நின்றபோது, நான் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக ஒரு சுற்று வந்தேன். மெஷின்களுக்கெல்லாம் அவரவர் பொட்டு வைத்திருந்தார்கள். இந்த இழைக்கிற மெஷினின் உருளைகள் மட்டும் வெறிச்சென்று நின்றன. தண்டைத் தொடுகிறார்கள், மூடியைத் தொடுகிறார்கள், வேலை செய்கிற உருளைக்கு ஒன்றும் இல்லையே என்று தோன்றியது. நைஸ் உருளையில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மூன்று நாள் லீவில் அது உப்புத்தாளின் மணலுக்குள் இறுகிக் காய்ந்திருக்கிறது. இழைத்த சோல் ஈரத் துணிபோலச் சாயத்தைக் குடிக்கும் என்பது எனக்குத் தெரியும். எட்டு வருஷமாக அதைத்தானே சோதிக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "மூணாவதும் பார்த்துடலாம்" என்றேன்.

மூன்றாவது ஜோடியும் பட்டை போட்டுக்கொண்டு வந்தது. மெக்கானிக் தன் பங்குக்கு டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மிட்டாய் வாசனையோடு அதுவும் பாழானது. பதினான்கில் மூன்று போனால் பதினொன்று. அவள் விரல்விட்டு எண்ணவில்லை; ஆனால் முகம் எண்ணிவிட்டது.

9.15-க்கு மேனேஜர் வந்தார். ஆறு குதிகாலையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஷூவா, கோயில் மதிலா?"

"பாதயாத்திரை போற ஷூ சார்" என்றார் மெக்கானிக்.

"நீங்க பேசாதீங்க. யாரு ரோலர்ல குங்குமம் வெச்சது?"

அவள் தலை குனிந்தாள். "மெஷினுக்கு நான்தான் சார் வெச்சேன். ரோலர்ல பட்டிருச்சோ என்னவோ."

"பட்டிருச்சோவா? இதான் உன் கவனமா?" என்னிடம் திரும்பினார். "மேடம், பதிவேட்ட எடுங்க. காரணம்னு இருக்குல்ல, அதுல ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். தேதி எழுதினேன். பொருள், அளவு, ஜோடி எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். காரணத்துக்கான கட்டம் சின்னது. இரண்டே வார்த்தை பிடிக்கும். அது அங்கே விழுந்துவிட்டால், பன்னிரண்டாவது ஜோடி வானத்திலிருந்து குதித்தாலும் அவள் தாளில் கையெழுத்து விழாது. அவள் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னைக் கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் காரணம் தெரியாது.

"சார், ரோலர்ல பொட்டு வெச்சது நான்."

மேனேஜர் சிரித்தார். "நீங்களா? மேடம், நல்ல மனசு. ஆனா அடுத்தவங்க தப்ப ஏத்துக்கிறது எல்லாம் வேணாம். டீ கிளாஸ் வெக்கிற இடத்துக்கே கோடு போட்டவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாதா ரோலர்ல வெக்கக் கூடாதுன்னு?"

"தெரியும் சார். வெச்சுட்டேன்."

"வுடுங்க மேடம்."

தப்புச் செய்தவள் நான் என்று ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இப்படி ஒரு சங்கடம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. வேறு வழி இல்லாமல் ஸ்கேலை எடுத்தேன். குதிகாலில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்தேன். மூன்று சென்டிமீட்டர். அடுத்ததற்கு மூன்று. தின்னரில் கோடு கலைந்த முதல் ஜோடி நீங்கலாக, நான்கு குதிகாலிலும் மூன்று, மூன்று.

"இப்ப இங்க வாங்க சார்" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபியூஸ் பெட்டிக்கு நான் வைத்த பொட்டு: மூன்று சென்டி இடைவெளி. தராசு: மூன்று. முதலுதவிப் பெட்டி: மூன்று. ஒவ்வொன்றிலும் ஸ்கேலை வைத்துக் காட்டினேன். பிறகு அவள் மெஷின் மூடியில் வைத்ததைக் காட்டினேன். ஐந்து பொட்டு, ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம், எதுவும் எதற்கும் நேராக இல்லை, ஒன்று சுவிட்சின் மேலேயே வழிந்திருந்தது.

"இந்தக் கை அந்த மூணு கோட்டப் போடுமா சார்?"

மெக்கானிக் தன் நெஞ்சில் கை வைத்தார். "சார், சத்தியமா சொல்றேன். ஸ்கேல் வெச்சுப் பொட்டு வெக்கிறத நான் பார்த்தேன். ஏதோ வேண்டுதல்னு நெனச்சு வுட்டுட்டேன்."

மேனேஜர் என் மேசைக்குத் திரும்பி நடந்தார். "குத்தத்த மறைக்கத்தான் எல்லாரும் கஷ்டப்படுவாங்க. நிரூபிக்க இவ்ளோ கஷ்டப்படுற ஆள இப்பத்தான் பாக்குறேன்." பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, காரணக் கட்டத்தில் அவரே எழுதினார்: 'சரிபார்ப்பவர் பக்தி'. கையெழுத்தும் போட்டார். எட்டு வருஷப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இல்லாத ஒரே வரி அது. கொம்பும் காலும் சாய்ந்து ஓடுகிற கையெழுத்து வேறு.

போகும்போது அவளிடம் சொன்னார். "உம் மேல தப்பு இல்ல, சரி. ஆனா சாம்பிள் பன்னெண்டு. பதினொண்ண அனுப்பிட்டு, ஒண்ணு சாமி கிட்ட இருக்குன்னு நான் சொல்ல முடியாது."

முதலில் உருளையைச் சுத்தம் செய்ய வேண்டும். புதுத் தாள் மாட்டலாமென்றால் ஸ்டோர்காரர் பூஜைக்கு அரும்பாவூருக்குப் போனவர், சாவியோடு புதன்கிழமைதான் வருவார். மெக்கானிக் தன் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு ரப்பர் செருப்பை எடுத்தார். மெஷினை ஓடவிட்டு, செருப்பின் அடிப்பக்கத்தை உருளையில் அழுத்தினார். உப்புத்தாளில் அடைத்திருந்த குங்குமமும் சந்தனமும் உருண்டு திரண்டு ரப்பரோடு வந்தன. செருப்புப் பாதியாகத் தேய்ந்தது, உருளை பளிச்சென்றானது. ஃபேக்டரிக்குள் செருப்புக் கொண்டுவரக் கூடாது என்பது ரூல். அன்று யாரும் அதை அவரிடம் கேட்கவில்லை.

மிச்சமிருந்த பதினொரு ஜோடியையும் அவள் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்தாள். நான் பதினொன்றையும் பார்த்தேன். ஒரு புள்ளி குறை இல்லை. பன்னிரண்டாவதுக்கு, ஸ்பிரிட்டில் நான் ஒற்றிய அந்த இரண்டாவது ஜோடிதான் கதி. இன்னும் கொஞ்சம் இழைத்தால் கோடு போய்விடலாம்.

"இப்பவே போட்டுடவாக்கா?"

"தங்கச்சி, ஸ்பிரிட் உள்ள ஊறியிருக்கும்" என்றார் மெக்கானிக். "ஈரத்துல உருளையில வெச்சா பஞ்சு மாதிரி பிச்சுக்கும். ராத்திரி முழுக்கக் காயட்டும்."

அதிகமாக இழைக்கவும் முடியாது. குதிகாலின் முன்பின் தடிமன் 28 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அளவில்லை என்று நானே தள்ளிவிட வேண்டும். காலிப்பரில் 28.6 இருந்தது. கோடு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஜோடியை ஃபேனுக்கு நேராகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் அதே சீட். அரியலூர் நெருங்கும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா, ரெண்டாவது ஜோடியிலயே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் மூணாவத எதுக்குப் போடச் சொன்னீங்க?"

"எப்பவும் மூணு தடவ பார்ப்பேன்ல."

"உங்க பழக்கத்துக்கு எம் பொழப்பா கெடச்சுது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டிபன் பாக்ஸ் மூடியை அழுத்தி மூடிக்கொண்டே சொன்னாள். இதற்கு என்ன பதில் சொல்வது என்று இறங்கி வீடு போகும்வரை யோசித்தேன். பயந்தேன் என்பதுதான் பதில். அதை அவளிடம் சொல்லவில்லை. டைரியில் எழுதினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. ஃபேக்டரியில் முதலில் செய்தது: மேல்கோட்டுகூட மாட்டாமல் கயிற்றிலிருந்து ஜோடியை அவிழ்த்தோம். அவள் குதிகாலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. 7.38-க்கு மெஷினைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று. வெளிறிய ரோஜா. நான் அளந்தேன்: 28.4. இன்னொரு சுற்று. வலது காலில் கோடு போய்விட்டது. இடதில் ஒன்று முடிபோல நின்றது. 28.2. அவள் இடதை மட்டும் எடுத்து, உருளையில் பட்டும் படாமலும் ஒரு திருப்புத் திருப்பினாள்.

வெள்ளை. காலிப்பரை வைத்தேன். 28.1.

வலதையும் அதே 28.1-க்கு அவளே கொண்டுவந்தாள். பன்னிரண்டு ஜோடியையும் தட்டில் அடுக்கி, என்னிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். 8.05-க்குத் திரும்பி வந்தபோது தட்டு இல்லை. கையில் ஒரு தாள் இருந்தது.