பட்டாள லோரியின் வெள்ளை உருண்டை

நேற்று மத்தியானம் ரிங்லெட் மலையில் ஒரே பனிமூட்டம். முன்னால் போன லோரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே காரை ஓட்டினேன். அப்பாவை நினைத்துச் சிரிப்பு வந்தது.

தேயிலை எஸ்டேட்டில் அப்பா ஓட்டியது பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய லோரி. அடியில் பின்சக்கரங்களுக்கு நடுவே வெள்ளைச் சாயம் பூசிய ஓர் இரும்பு உருண்டை. அதற்கு மேலே ஒரு குட்டி விளக்கு. பனியில் பின்னால் வரும் வண்டிகளுக்கு அதுதான் வழிகாட்டி. தினமும் மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார்.

"தன் மூஞ்சியக் கழுவுறாரோ இல்லியோ, இதக் கழுவிடுவாரு" என்பார் அம்மா.

ஒருநாள் வேலை நேரத்தில், பனியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், டீ குடிக்க லோரியை எங்கள் லயத்து வீட்டுக்குத் திருப்பிவிட்டார். இறங்கிப் பார்த்தால் பின்னாலேயே மூன்று கார்கள். முதல் காரில் எஸ்டேட் துரை!

"தானா ராத்தா டவுன் வந்திருச்சா?" என்றார் துரை.

வேலை போச்சு என்று அப்பாவுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. அம்மாதான் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் வரலீங்க தொரை. டீ வந்திருச்சு, குடிச்சிட்டுப் போலாங்க."

துரை சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார்.

அந்த டீ வாசனையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் போன லோரி நின்றது. டிரைவர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"அக்கா, இது எங்க வீடு லா!"

எனக்குப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.