பக்கத்து சீட்டிலிருந்து வந்த டார்க்

இன்று காலை அத்திபெலே பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கான மோட்டார் டிசைன். பதினோரு மணிக்கு ரிவ்யூ. சிமுலேஷனில் டார்க், அதாவது மோட்டாரின் சுழற்று விசை, கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த மோட்டாரை வைத்து ஓர் ஈயைக்கூட விரட்ட முடியாது.

பக்கத்து சீட்டுப் பெண் எட்டி எட்டிப் பார்த்தார். எரிச்சலில் ஸ்க்ரீனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஸ்வல்ப ஜூம் பண்ணுங்க.”

பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று கேட்காதீர்கள்.

“முழு மோட்டாரும் போடாம, ஒரு காந்தத்துக்கான துண்டு மட்டும் போட்டிருக்கீங்கல்ல?”

“ஆமா, சீக்கிரம் ரன் ஆகும்னுதான்.”

“பக்கத்துத் துண்டுல இருக்கற காந்தம் நார்த்தா, சவுத்தா?”

“இது நார்த், அது சவுத்... அய்யோ!”

பக்கத்துத் துண்டும் ‘இதே மாதிரி’ என்று சாஃப்ட்வேரிடம் சொல்லி வைத்திருந்தேன். ‘இதற்கு நேரெதிர்’ என்று மாற்றி மறுபடி ஓடவிட்டேன். ஓசூர் ரோடு டிராஃபிக் வாழ்க, இறங்குவதற்குள் டார்க் வந்துவிட்டது.

“நானும் இதுல ஒரு நாள் முழுக்க மண்டைய உடைச்சிக்கிட்டேன்” என்று சிரித்தார்.

எந்த கம்பெனி என்று கேட்டேன். சொன்னார். இதே ஆர்டருக்கு எங்களோடு மோதும் கம்பெனி. கொஞ்ச நேரம் இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம்.

ரிவ்யூ நன்றாகப் போனது. பெயர் கேட்க மறந்துபோன அந்தப் பெண்ணுக்கு மனமார்ந்த நன்றி.

ஸ்க்ரீன் பக்கத்து சீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிற ஃபிலிம் ஒன்று நேற்றுதான் வாங்கினேன். இன்னும் பிரிக்கவில்லை. யாருக்காவது வேண்டுமா?